அதே பெட்டித் தோட்டா

தம்பியின் சீருடைக் காற்சட்டையில் மடிப்பு நேராக விழவேண்டும் என்று ஒதிலியா இஸ்திரிப்பெட்டியை அழுத்திக்கொண்டிருந்தபோது சவப்பெட்டி வந்து இறங்கியது. ஆறு பேர் தூக்கி வந்தார்கள். துக்கத்துக்காகப் பைன் இலை பரப்பிய முன்னறையில் இரண்டு முக்காலிகளைப் போட்டு அதன்மேல் வைத்தார்கள். மூடியைச் சுற்றித் திருகாணிகள். ஒவ்வொரு திருகாணியின் தலையிலும் ஈயம் ஊற்றி அடைத்திருந்தது.

"திறங்க," என்றாள் அம்மா தோமிதிலா.

"உத்தரவு இல்லம்மா," என்றான் சிப்பாய்.

"உடுப்பை எப்படிப் போடறது அவனுக்கு?"

ஒதிலியா இஸ்திரி போட்ட சட்டையையும் காற்சட்டையையும் கொண்டுவந்து, ஆள் படுத்திருப்பதுபோல மூடியின்மேல் நீளவாக்கில் வைத்தாள். சட்டையின் சூடு அப்போதும் ஆறியிருக்கவில்லை.

தூக்கி வந்தவர்களில் ஒருவன் மட்டும் போகாமல் நின்றான். மரியாதைக் காவல் என்றார்கள். காவல் நிற்பவன் எதிர்ச் சுவரைப் பார்த்து நிற்பான். இவன் உள்ளே வருகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒதிலியாவின் கணவன் நாசாரியோ பெட்டியின் பக்கம் வரவேயில்லை. கொல்லைக் கதவருகில், அழைக்காத விருந்தாளி மாதிரி நின்றான். அந்த விமானத்தளத்தில் அவனுக்குப் பதினாறு வருஷச் சர்வீஸ். விமானிகளின் இருக்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் சார்ஜென்ட். செத்துப்போன ஒஸ்மின் அவனுக்கு மைத்துனன் மட்டுமில்லை. பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தவனை ஜெட் விமானத்தின்மேல் ஏற்றி உட்காரவைத்து, பறக்கும் ஆசையைக் கிளப்பிவிட்டதே நாசாரியோதான்.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் விமானம் விழுந்தது. மதியம் வீட்டுக்கு வந்த நாசாரியோ யாரிடமும் பேசாமல் நேரே துவைக்கும் தொட்டிக்குப் போய், காற்சட்டையைக் கழற்றி, தானே சோப்புப் போட்டுத் தேய்த்தான். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டையைக்கூட அலசாதவன்.

"என்ன அது?" என்று கேட்டாள்.

"சேறு."

மழை பெய்து ஒரு மாசமாகிறது. தம்பி செத்த சேதியை அதற்குப் பிறகுதான் அவன் சொன்னான். சொல்லிவிட்டு மறுபடியும் காற்சட்டையைத் தேய்க்கத் தொடங்கினான்.

பத்து மணிக்குக் கர்னல் உருத்தியா வந்தார். கூடவே ஒரு துணையதிகாரி, கையில் தோல்பையோடு. கர்னல் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உங்க பிள்ளையைக் கொன்னது தடைதான் அம்மா. அஞ்சு வருஷமா அமெரிக்காக்காரன் ஒரு திருகாணிகூடத் தரமாட்டேங்கிறான். பன்னெண்டு விமானம் இருந்த இடத்துல இப்ப அஞ்சு. அதை வெச்சுத்தான் இந்தப் பசங்க நாட்டைக் காக்கறானுங்க."

அம்மா தலையாட்டினாள். தடை என்பது அந்த வீட்டுக்குப் புதிய வார்த்தையில்லை. ஒன்றின் சக்கரத்தைக் கழற்றி இன்னொன்றுக்கு, இன்னொன்றின் கண்ணாடியை மூன்றாவதுக்கு என்று தளத்தில் வருஷக்கணக்காக நடப்பதெல்லாம் சாப்பாட்டு மேசையில் பேச்சாக வரும். "மச்சான், இன்னைக்கு நான் ஒரே நேரத்துல மூணு விமானம் ஓட்டினேன். இறக்கை ஒண்ணோடது, எஞ்சின் ஒண்ணோடது, வால் இன்னொண்ணோடது," என்று ஒஸ்மின் சொல்லிச் சிரிப்பான்.

"எஞ்சின் நின்னுபோச்சு," என்றார் கர்னல். "இருக்கைக் கைப்பிடியை இழுத்துக் குதிச்சிருக்கலாம். ஆனா கீழ வீடுங்க. குழந்தைங்க. அவன் குதிக்கல. எல் சபோத்தே கரும்புக்காடு வரைக்கும் அதைக் கொண்டுபோய், யாருக்கும் ஒண்ணும் ஆகாம விழவெச்சான். பதக்கத்துக்கு எழுதியிருக்கோம்."

அம்மாவின் முதுகு நிமிர்ந்தது. காலையிலிருந்து முதல்முறையாக அவள் அழுதாள்.

ஒதிலியாவுக்கு அழுகை வரவில்லை. எல் சபோத்தேவுக்கு அவள் வருஷா வருஷம் வெல்லம் வாங்கப் போவாள். ஆலைக் கொட்டகையை விட்டால் கண்ணுக்கெட்டிய தூரம் கரும்புதான். அதற்கு முன்னால் வறண்ட ஓடை. அதற்கும் முன்னால் எரிமலைக் கல். அங்கே வீடு ஏது?

மூலையில் உட்கார்ந்திருந்த தோன் கிறிசாந்தோ, பக்கத்து வீட்டுக்காரர், பழைய பஸ் கண்டக்டர், தொண்டையைச் செருமினார். "எனக்குத் தெரியாமத்தான் கேக்கறேன் கர்னல் ஐயா. அந்தத் தடையை எதுக்குப் போட்டாங்களாம்?"

வாசலருகே மெழுகுவத்தியோடு நின்றிருந்தாள் மலைக்கிராமத்துப் பெண்மணி ஒருத்தி, தினமும் வீட்டுக்கு ரொட்டி கொண்டுவருகிறவள். அவள் தரையைப் பார்த்தாள். அவளுடைய ஊர் இப்போது இல்லை என்று யாரோ ஒருமுறை சொன்னதுண்டு. எப்படி இல்லாமல் போயிற்று என்று ஒதிலியா கேட்டதில்லை. தம்பியிடமும் கேட்டதில்லை.

"அரசியல்," என்றார் கர்னல். காவல் நின்றவன் கிறிசாந்தோவின் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டான். ரொட்டிக்காரி மெழுகுவத்தியை ஏற்றிவைத்துவிட்டு, காப்பிக்குக்கூட நிற்காமல் போய்விட்டாள்.

ஒதிலியா காப்பிப் பாத்திரத்தை எடுக்கச் சமையலறைக்குப் போனபோது கொல்லையில் குரல் கேட்டது. ஜன்னல் பலகை பாதி சாத்தியிருந்தது. தொட்டியருகே கர்னல் நின்றார். அவர் எதிரில், கைகளைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நாசாரியோ.

"மாட்டினதுக்குக் கையெழுத்து உன்னுதுதானே?"

"ஆமா சார்."

"அப்புறம் என்ன யோசனை? அடக்கம் நாலு மணிக்கு. அது முடிஞ்சு கலையறதுக்குள்ள முடிச்சுடு. ரெண்டு பொண்ணுங்க வெச்சிருக்கே."

துணையதிகாரி ஒரு காகிதத்தை நீட்டினான். நாசாரியோ அதை நாலாக மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்தான்.

அவர்கள் போனபிறகு கிறிசாந்தோ கோப்பையைக் கொடுக்கும் சாக்கில் சமையலறைக்கு வந்தார். "ஒரு விஷயம் காதுல விழுந்துதும்மா. சொல்லலாமா வேண்டாமான்னு தெரியல."

"சொல்லிட்டுத்தானே போவீங்க."

"தடை வந்தா சாமான் தங்கம் ஆயிடும். தளத்துக்குள்ள இருக்கறவன் எவனோ நல்ல உதிரிபாகத்தை வெளியில வித்துட்டு, பழசை மாட்டறானாம். எவன்னு நான் கேக்கல." கொல்லைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

அவர் போனபின் ஒதிலியாவுக்கு எல்லாம் வேறு மாதிரி தெரிந்தது. நாசாரியோ இரண்டு மாசமாகத் தூங்காதது. கூப்பிட்டால் திடுக்கிட்டுத் திரும்புவது. தளத்து ஜீப் தெருவில் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவது. நேற்றுத் தேய்த்த காற்சட்டை. 'கையெழுத்து உன்னுதுதானே?' இந்த மனுஷனோடு பதினோரு வருஷம் ஒரே படுக்கையில் படுத்திருக்கிறேன், இவன் யாரென்று எனக்குத் தெரியுமா என்று நினைத்தாள்.

அவன் முகம் மழிக்கப் போனபோது கோட்டை ஆணியில் மாட்டிவிட்டுப் போனான். அவள் கையை விட்டுக் காகிதத்தை எடுத்தாள்.

தட்டச்சு செய்த அரைப்பக்கம். 412 எண்ணுள்ள விமானத்தின் இருக்கையை வெள்ளிக்கிழமையன்று சோதித்ததாகவும், தோட்டா நல்ல நிலையில் இருந்ததாகவும், விழுந்த இடத்தில் பார்த்தபோது விமானி கைப்பிடியை இழுக்கவே இல்லை என்று தெரிந்ததாகவும் கீழே கையெழுத்திட்டவர் சொல்கிறார். கீழே நாசாரியோவின் பெயர் அச்சாகியிருந்தது. பெயருக்கு மேலே வெற்றிடம்.

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது அவள் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"வித்தியா?" என்று கேட்டாள்.

அவனுக்குப் புரியவில்லை.

"நல்ல சாமானை வித்துட்டு என் தம்பிக்குப் பழசை மாட்டினியா? ஊரே பேசுது. எனக்கு மட்டும்தான் தெரியாதா?"

"ஊர் பேசட்டும். நீ பேசாதே ஒதி."

"பேசுவேன். இப்ப நீ சொல்லலைன்னா, நேரா உள்ள போயி அம்மா முன்னாடி, அந்தக் காவல்காரன் முன்னாடி கேப்பேன்."

அவன் கொல்லைக் கதவைச் சாத்தினான். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டான். தொட்டியில் தண்ணீர் விழும் சத்தத்துக்குள் பேசினான்.

"இருக்கைக்கு அடியில ஒரு தோட்டா இருக்கும். கைப்பிடியை இழுத்தா அது வெடிச்சு ஆளை வெளிய தூக்கி எறியும். மருந்து பாட்டில் மாதிரி அதுக்கும் தேதி உண்டு. தேதி முடிஞ்சா நம்பக்கூடாது. நம்மகிட்ட இருந்ததுல ஒண்ணைத் தவிர மத்ததுக்கெல்லாம் மூணு வருஷம் முன்னாடியே முடிஞ்சுபோச்சு. அப்புறம் ரெண்டு மாசம் முன்னாடி ஒரு பெட்டி வந்துது. கப்பல்ல, வேற எந்த நாட்டுப் பேர்லயோ. கர்னலோட சம்பந்தி ஏற்பாடு பண்ணினது. பிரிச்சுப் பாத்தா தேதியைச் சுரண்டிட்டு மேல புதுசா அடிச்சிருக்கான். விரலால தடவினாலே தெரியுது. போயி சொன்னேன். இதையும் விட்டா ஒண்ணும் கிடையாது, மாட்டுடான்னாரு. மாட்டினேன். கையெழுத்துப் போட்டேன்."

"அவனுக்குமா?"

"அவனைத் தவிர எல்லாருக்கும். பழைய இருப்புல நல்லது ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருந்துது. அதை அவனோட 416-ல வெச்சிருந்தேன். யாருக்கும் தெரியாது. பாவந்தான். மத்தவனும் ஒருத்தி பெத்த புள்ளைதானே. இருந்தாலும் வெச்சேன்."

"அப்புறம் 412 எங்கேர்ந்து வந்துது?"

"416-ஓட சக்கரத்தைக் கழட்டி 412-க்குப் போட்டாங்க. 416 தரையில உக்காந்துடுச்சு. அவனை 412-க்கு மாத்தினாங்க."

தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"நேத்து அங்க போனேன். நான்தான் முதல்ல போனேன். ரெண்டு கைப்பிடியும் மேல வந்திருந்துது ஒதி. முழுசா இழுத்திருக்கான். ஊசி தோட்டாவோட தலையில தட்டின பள்ளம் இருக்கு. அது வெடிக்கல." அவன் கைகளைப் பார்த்துக்கொண்டான். "வீடும் இல்ல, குழந்தையும் இல்ல. இழுத்தான், எழும்பல. அவ்வளவுதான்."

ஒன்று மட்டும் அவளை உறுத்தியது.

"அவன் 412-க்கு மாறினது தெரிஞ்சதும் அந்த நல்ல தோட்டாவையும் மாத்தியிருக்கலாமே? மாத்தலையா நீ?"

"கேக்காதே."

"ஏன் மாத்தல நாசாரியோ?"

"அரைநாள் வேலை அது. இருக்கையை வெளிய எடுக்கணும்."

"அரைநாள்கூடவா இல்ல உனக்கு?"

"சனிக்கிழமை ஆரம்பிச்சேன்," என்றான். அதோடு வாயை மூடிக்கொண்டான். அவள் முகத்தைப் பார்க்காமல் குழாயைப் பார்த்தான்.

சனிக்கிழமை அம்மாவின் பெயருக்குரிய புனிதரின் திருநாள். சோளமாவை வாழையிலையில் கட்டி வேகவைத்த தமால் ஆறிக்கொண்டிருந்தது. ஒதிலியா தளத்துக் காவல்கூடத்துக்கு மூன்றுமுறை போன் செய்தாள். பன்னிரண்டு மணிக்குள் இரண்டு பேரும் வரவில்லை என்றால் கேட்டில் வந்து நின்று கத்துவேன் என்று மூன்றாவது முறை சொன்னாள். பன்னிரண்டு அடிக்கும்போது ஒஸ்மின் நாசாரியோவின் கழுத்தில் கையைப் போட்டு இழுத்துக்கொண்டு வந்தான். "இந்தா உன் புருஷன். இருக்கைக்கு அடியில கிடந்தாரு. காலைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். திங்கக்கிழமை பாத்துக்கலாம் மச்சான், அம்மா கோவிச்சுக்கும்னு சொன்னேன்," என்று சிரித்தான். நான்கு தமால் சாப்பிட்டான். மறுநாள் விடிகாலையில், அவன் முறை இல்லாத நாளிலேயே, தளத்திலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

ஒதிலியா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நாசாரியோ குழாயை மூடினான். நேற்றிலிருந்து அவன் வாயைத் திறக்காதது யாருக்காக என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

அவள் தொட்டியை விட்டு நிமிர்ந்தாள். "கையெழுத்துப் போடலைன்னா?"

"நான்தான் பழசை மாட்டினேன்னு உள்ள தள்ளுவாங்க. உள்ளதான் தள்ளுவாங்கன்னும் சொல்லமுடியாது."

"போட்டுடு."

"போட்டா அவன் இழுக்கவேயில்லைன்னு ஆயிடும் ஒதி. கடைசி வரைக்கும் காகிதத்துல அப்படித்தான் இருக்கும்."

"அம்மாகிட்ட அப்படித்தானே சொல்லியாச்சு." காகிதத்தை மடித்து அவன் பையில் வைத்தாள். "மத்த விமானத்துல?"

"அதே பெட்டிதான்."

"அந்தப் பசங்களுக்குத் தெரியுமா?"

அவன் இல்லையென்று தலையசைத்தான். "சொல்ல விடமாட்டான். நேத்துலேர்ந்து நான் எவன்கிட்ட நின்னாலும் அந்தத் தோல்பைக்காரன் பக்கத்துல வந்து நிக்கறான்."

மூன்று மணிக்கு விமானிகள் நான்கு பேரும் வந்தார்கள். பெட்டியைத் தூக்கப் போகிறவர்கள் அவர்கள்தான். எல்லாருக்கும் ஒஸ்மினைவிட வயது குறைவு. மூத்தவன் லெப்டினன்ட் மாரோக்கின், முகத்தில் பரு போகாதவன். துணையதிகாரியும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர்களுக்கு எதிரே உட்கார்ந்தான்.

ஒதிலியா தட்டில் காப்பி எடுத்துக்கொண்டு போனாள். இந்த நான்கு பேரில் எவன் கர்னலின் காது என்று அவளுக்குத் தெரியாது. ஒருவனாவது இருப்பான். எங்கேயும் ஒருவன் இருக்கிறான். மாரோக்கினின் முகத்தைப் பார்த்தாள். அழுத கண்கள். அழுத கண்களை வைத்து என்ன தெரிந்துவிடும்? கர்னலும்தான் காலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குனிந்து மாரோக்கினிடம் கோப்பையை நீட்டினாள். தலையில் போட்டிருந்த கறுப்புத் துணி முகத்தை மறைத்தது.

"ஒஸ்மின் இழுத்தான்," என்று அவன் காதருகே முணுமுணுத்தாள். "இருக்கை எழும்பல. தோட்டா போலி. உங்க எல்லாருக்கும் அதே பெட்டி."

கோப்பை அவன் கையில் ஒருமுறை ஆடியது. துணையதிகாரி தலையைத் தூக்கினான்.

"சர்க்கரை போதும்க்கா," என்றான் மாரோக்கின், எல்லாருக்கும் கேட்கும்படி.

அவள் அடுத்தவனிடம் போனாள். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

கல்லறையில் வெயில் சாயாமல் இருந்தது. பாதிரியார் சுருக்கமாக முடித்தார். கர்னல் நீளமாகப் பேசினார். தடை, துரோகம், தியாகம் என்ற வார்த்தைகள் திரும்பத் திரும்ப வந்தன. கொடியை மடித்து அம்மாவின் மடியில் வைத்தார்கள். வேட்டு முழங்கியபோது அம்மா காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

எல்லாம் முடிந்து கூட்டம் கலையும்போது மாரோக்கின் கர்னலின் அருகே போவதை ஒதிலியா பார்த்தாள். ஏதோ சொன்னான். கர்னல் தலையைச் சாய்த்துக் கேட்டார். அவன் தோளில் கைபோட்டுக்கொண்டார். இருவரும் அவள் இருந்த பக்கம் திரும்பியதுபோல இருந்தது. அவள் இரண்டு மகள்களின் கைகளையும் இறுக்கிப் பிடித்தாள். சின்னவள் "வலிக்குதும்மா" என்றாள்.

ஜீப்பின் முன்மூடியில், நாசாரியோவிடமிருந்து வாங்கிய காகிதத்தை விரித்து வைத்திருந்தான் துணையதிகாரி. பேனாவைத் திறந்து நாசாரியோவிடம் கொடுத்தான். நாசாரியோ கூட்டத்தில் அவளைத் தேடினான். கண்டுபிடித்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. வேறெதுவும் செய்யவில்லை. அவன் குனிந்து, படிப்பு குறைந்தவன் போடுவதுபோல எழுத்து எழுத்தாகப் பெயரைப் போட்டான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பஸ்ஸில் அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கொடி. பாதி தூரம் போனபிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"உங்க அப்பா எல் சபோத்தேயில ஒம்போது வருஷம் கரும்பு வெட்டினாரு. நான்தான் சோறு தூக்கிட்டுப் போவேன்."

ஒதிலியா அவள் பக்கம் திரும்பினாள்.

"ஒரு குடிசை கிடையாது. நிழலுக்கு ஒதுங்க ஒரு மரம் கிடையாது." அம்மா கொடியின் ஓரத்தை உள்ளே மடித்துவிட்டாள். "நாசாரியோ ரெண்டு நாளா சாப்பிடல. வீட்டுக்குப் போனதும் நீ முதல்ல அவனுக்குப் போடு."



செவ்வாய் போனது. தெருவில் மெதுவாகப் போன ஒவ்வொரு காரையும் ஒதிலியா திரைக்குப் பின்னாலிருந்து எண்ணினாள். கறுப்புக் கண்ணாடி போட்ட வண்டி ஒன்று கிறிசாந்தோவின் வீட்டருகே நின்றுவிட்டுப் போனது. அவர் அன்று வெளியே வரவில்லை. நாசாரியோ வழக்கம்போல வேலைக்குப் போனான், வழக்கம்போலத் திரும்பி வந்தான். தளத்தில் என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை. பெட்டியில் மகள்களின் உடுப்பை எடுத்து அடுக்கிவைத்தாள். எங்கே போவது என்று யோசித்துப் பார்த்தாள். ஓரிடமும் தோன்றவில்லை.

புதன்கிழமை காலை நாசாரியோ மதியத்துக்கு முன்பே வந்துவிட்டான். ஆணியில் தொப்பியை மாட்டினான்.

"என்ன ஆச்சு?" என்றாள்.

"இன்னைக்கும் பறக்கல. மாரோக்கினுக்குக் காதுவலியாம், கல்லறையிலேயே கர்னல்கிட்ட சொல்லியிருக்கான். காதுவலியோட பறக்கக்கூடாது."

"மத்தவங்க?"

"எல்லாருக்கும் காதுவலி. நாலு பேரும் டாக்டர்கிட்ட வரிசையா உக்காந்திருக்கானுங்க. டாக்டர் காதுல விளக்கடிச்சுப் பாத்துட்டு, ஒண்ணும் தெரியலையேங்கறாரு. வலிக்குதுங்கறானுங்க. கர்னல் கத்தறாரு. வலிக்குது சார்ங்கறானுங்க." அவன் உட்கார்ந்தான். "அந்தப் பெட்டித் தோட்டாவை எல்லாம் இருக்கைங்கள்லேர்ந்து கழட்டச் சொல்லியிருக்காரு. எத்தனை நாளைக்கு இப்படிப் போகும்னு தெரியல."

அவள் அவன் முன்னால் தட்டை வைத்தாள். பீன்ஸும் ரொட்டியும். அவன் சாப்பிடத் தொடங்கினான்.

உள்ளறையில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். ஒதிலியா ஊறவைத்த சோளத்தைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். மணி பத்தரை. விமானங்கள் கூரையை உரசுவதுபோல மலைப்பக்கம் போகும் நேரம். பக்கத்து வீட்டுக் கோழிகள் அந்த நேரத்தில் எப்போதும் தொட்டிக்கு அடியில் பதுங்கியிருக்கும். இன்று அவை வெயிலில், முற்றத்தின் நட்டநடுவில் நின்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. அவள் ஒரு பிடி சோளத்தை வீசினாள்.